போகவும் வரவும் இறக்கம்

பேகம்பூர் ஷாஹினாவின் சைக்கிளுக்குப் போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். நடுக்கம்பி இல்லாத நீல லேடீஸ் சைக்கிள் அது. முன்னால் கூடை, பின்னால் கேரியர். புர்காவைத் தூக்கிச் செருகாமல் காலை நுழைத்து ஏறி உட்காரலாம். கல்யாணமான வருஷம் ஸ்டான்லி சைக்கிள் கடையில் வாங்கியது. வீட்டில் அரைத்த பிரியாணி மசாலாவைப் பொட்டலம் கட்டி, ரெட்டியார்சத்திரம் வரைக்கும் உள்ள மெஸ்களுக்கு அதில்தான் கொண்டுபோய்ப் போட்டாள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிறகு மகள் பாஸிலா, எல்லாம் அதில் ஏறி வந்தவைதான். எதை ஏற்றினாலும் பெடலில் காலை வைத்தால் போதும், மிதிக்க வேண்டியதில்லை. மேம்பாலம்கூட அவளுக்கு மட்டும் சரிந்துகொண்டே போனது.

முதலில் சந்தேகப்பட்டது மாமியார் காதர் பீவி. சித்திரை வெயிலில் அம்புட்டுத் தூரம் போய்வருகிறவள் வேர்க்காமல் வருகிறாளே என்று, ஆணியில் மாட்டிய புர்காவின் கழுத்துப் பக்கத்தைச் சாயங்காலம்தோறும் மோந்து பார்த்தாள். பட்டை, கிராம்பு வாசம் வந்தது. வேர்வை வாசம் வரவில்லை. “யாரோ கார்ல கொண்டாந்து விடுறான்டா,” என்றாள் மகனிடம். தோல் மண்டியில் வேலைபார்த்த பைசல் ஒருநாள் லீவு போட்டு, பைக்கில் கொஞ்சம் தள்ளியே பின்தொடர்ந்தான். கார் எதுவும் வரவில்லை. மனைவி கால்களை அசைக்காமல் மேம்பாலம் ஏறுவதையும், திரும்பும்போது மறுபக்கம் அதேபோல ஏறுவதையும் பார்த்தான். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வீட்டில் அவன் பார்த்திராத சிரிப்பு. காரைப் பார்த்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் அவனே சைக்கிளை எடுத்துப் போய், நாக்குத் தள்ளத் திரும்பி வந்தான். ஸ்டான்லி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பேரிங்ல ஒண்ணும் இல்ல பாய். எதுக்கும் ரோட்டக் கேட்டுப் பாருங்க,” என்றான்.

வருஷங்கள் போயின. வீட்டாருக்கு அது பழகிப்போன பிறகுதான் ஷாஹினாவின் சந்தேகம் தொடங்கியது. எளிதாகக் கிடைப்பதை நம்பி வளர்ந்தவள் அல்ல அவள். போகையிலும் இறங்குகிறேன், வருகையிலும் இறங்குகிறேன், அப்புறம் எப்படிப் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்கிறேன்? காற்று முகத்தில் அடிக்கும் அந்தச் சுகத்துக்கு நடுவிலேயே இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தாள். மருமகளாக வந்தபோது தெருவிலிருந்து ஏறிப் போன படிகளைக் காணோம். இப்போது உள்ளே இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. வீடும் அவள் கூடவே இறங்கியிருக்கிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுத் தெருவை உயர்த்திவிட்டார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். அந்தத் தெருவுக்கு ரோடு போட்டதே இல்லை.

“மச்சான், நாந்தான் வீட்ட எறக்கிட்டு இருக்கேன்,” என்று பைசலிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. வெகுநாளாக இதற்காகவே காத்திருந்தவன்போல சைக்கிளைக் கொல்லையில் சாத்திப் பூட்டினான். வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்றான். அவள் மறுக்கவில்லை. வீடு மண்ணுக்குள் போகிறது என்று தெரிந்த பிறகும் நாளைக்கு ஓட்ட வேண்டும் என்று தோன்றியதே, அந்த மனசை அவளால் நம்ப முடியவில்லை. மசாலாப் பையை மடியில் வைத்துக்கொண்டு டவுன்பஸ்ஸில் போனாள். மேம்பாலத்தில் பஸ் உறுமிக்கொண்டு ஏறியபோது, அது மேடு என்பதே அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

மழை பொய்த்த வருஷம் அது. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருவதே அரிது; வந்தாலும் மேலே ஏறாது. வாசலுக்கு வாசல் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கியிருந்தார்கள். காதர் பீவி வீட்டுக் குழியில் பாறை தட்டிவிட்டதால் அதற்கு மேல் தோண்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவள் குழிக்குள் குந்தியிருந்தாள். குழாய் சொட்டியது, குடத்தின் அடிகூட நனையவில்லை. இன்னும் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கையை நீட்டி அளந்து பார்த்தாள். மேலே, கொல்லையிலிருந்து வாசலுக்குத் தூக்கி வந்த சைக்கிளின் ஹேண்டில்பாரை இரும்புக்காரன் பிடித்துவிட்டான்.

“ஏலே பைசலு, அந்த ஆள அனுப்புடா!” குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஏ புள்ள ஷாஹினா, எடு சைக்கிள. செம்பட்டி வரைக்கும் போயிட்டு வா. இன்னும் ஒரு முழம் எறங்குனா தண்ணி வந்துரும்.”

“மாமி, வீடு உள்ள போயிருமே.”

“போகட்டும்டி. இத்தன வருசம் மேல இருந்து என்னத்தக் கண்டோம்?”

ஷாஹினா கணவனைப் பார்த்தாள். அவன் இரும்புக்காரன் கையை விலக்கிப் பூட்டைத் திறந்தான். அவள் செம்பட்டிக்குப் போனாள். திரும்பும்போது கால்களைப் பெடலிலிருந்தே எடுத்துவிட்டாள். வாசலுக்கு வந்தபோது பாறையும் குழியுமாக வீடு ஒரு முழம் இறங்கியிருந்தது. குழாய் நிறைந்து கொட்டியது.

அன்றிலிருந்து பைசல் வருஷத்துக்கு ஒரு படி கட்டுகிறான், கீழ்நோக்கி. கோடையில் வீடு குளுகுளுவென்று இருக்கிறது. தண்ணீர் விடும் நாளில் தெருவே குடத்தோடு வந்து நிற்கிறது. வரத்து குறைந்தால் எதிர்வீட்டு செபாஸ்தியம்மாள், “என்ன ஷாஹினா, நூலாட்டம் வருது? நேத்து வண்டி எடுக்கலயா?” என்று அதட்டுகிறாள். சாயங்காலம் காதர் பீவி பழக்கத்தில் புர்காவை மோந்து பார்க்கிறாள். வேர்வை வாசம் இல்லையென்றால், ஆணியில் மாட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள்.