கிளாரி டன்ஸ்டனுக்காக மெதுவாக வாசித்தவர்கள்

சிட்னிக்குத் தெற்கே போர்ட் கெம்பிளா என்ற துறைமுக ஊரில், பைலட்ஸ் பப்பில், பார் டவல்ஸ் இசைக்குழு வாசிக்கும்போது அந்த நான்கு சுவர்களுக்குள் இருந்த எல்லோருடைய இதயமும் லெஸ் பாஸ்கோவின் டிரம்ஸ் அடிக்கே துடித்தது. பாட்டு முடிந்ததும் அவரவர் இதயம் அவரவரிடம் திரும்பியது. வெளியே நடைபாதையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் கண்டுபிடித்தவள் நொரீன் என்ற ஆஸ்பத்திரி நர்ஸ். 1979 ஜனவரியில், புழுக்கம் தாங்காமல் ஒருவன் மயங்கி விழுந்தபோது அவள் அவனுடைய நாடியைப் பிடித்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். தன் நாடியைப் பிடித்தாள், பீர் ஊற்றுகிற பெண்ணின் நாடியைப் பிடித்தாள், பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் படுத்திருந்த நாயின் மார்பிலும் கை வைத்துப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணாத்தான் அடிக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் பீரைக் குடித்து முடித்தாள். ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகளை உறவினர்கள் மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோயிலில் இருபது வருடமாக இவர்களை ஒரே குரலில் ஜெபம் சொல்லவைக்கத் தன்னால் முடியவில்லையே என்று ஃபாதர் டல்லி கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சை சோடா குடித்தார்.

குழுவில் நான்கு பேர். பாடுகிறவன் கெவ் டாரிகன், உருக்காலையில் உலைக்கு முன்னால் வேலை. லெஸ் ரொட்டி வண்டி ஓட்டினான். மற்ற இருவரும் பெட்கோவ்ஸ்கி சகோதரர்கள். அவர்கள் கிதார் வாசித்தார்கள், பேசுவது குறைவு. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிப்பார்கள். நடுவில் ஆட்டுக்கறித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடக்கும். லெஸ்ஸிடம் ஒரே ஒரு குறை: கூட்டம் சூடேறினால் அவன் தாளம் ஓடும். நடையில் தொடங்கிய பாட்டு ஓட்டத்தில் முடியும். அவன் ஓடினால் எல்லோருடைய இதயமும் ஓடும், இதயம் ஓடினால் கூட்டம் கத்தும், கூட்டம் கத்தினால் அவன் இன்னும் ஓடுவான். வேறு ஊர்களில் இதைப் பிழை என்பார்கள். இங்கே இதற்காகவே ஜனங்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள். 'ஆறாம் நம்பர் கிரேன்' என்ற கடைசிப் பாட்டு முடியும்போது சிலர் அழுதார்கள், சிலர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டார்கள்.

1984 குளிர்காலத்தில் இந்தச் செய்தி சிட்னிவரை போய், இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் கேட்க விரும்பியது அந்த ஓட்டத்தைத்தான். கெவ்வுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. உலைப் புழுதி நெஞ்சில் இறங்கி இருமல் வந்துவிட்டது. இரண்டு பெண் குழந்தைகள். உலையை விட்டு வெளியே வர அவனுக்கு வேறு கதவு எதுவும் தெரியவில்லை.

கிளாரி டன்ஸ்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். பப்பில் ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அவருடைய இதயம் வீங்கிப்போய், நொண்டி நொண்டித்தான் அடித்தது. ஆனால் மெதுவான பாட்டுகளின்போது அது நேராக நடந்தது. திங்கட்கிழமைகளில் பார்த்தால் நாடி நன்றாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். கடைசிப் பாட்டுதான் ஆபத்து. கம்பெனி ஆள் வருவதற்கு முந்தைய ஞாயிறு, அந்தப் பாட்டில் கிளாரி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். நொரீன் நெஞ்சில் குத்தி எழுப்பி, டாக்சியில் ஏற்றினாள்.

"அடுத்த வாரம் வராதீங்க கிளாரி. அந்தப் பாட்டு உங்கள கையோட கூட்டிட்டுப் போயிடும்."

கெவ்வும் அவர் வீட்டுக்கு சூப் எடுத்துக்கொண்டு போய் அதையே சொன்னான். அவரும் சரி என்றார்.

ஆனால் சரிந்து விழுந்த நேரத்தில் வட்டத்துக்கு பீர் வாங்கும் முறை அவருடையது. எட்டு பேர் வட்டமாக நின்று குடித்தால் ஒவ்வொருவராக எட்டு பேருக்கும் வாங்க வேண்டும். தன் முறை வரும்போது காணாமல் போகிறவன் போர்ட் கெம்பிளாவில் குடியிருப்பதில் அர்த்தமில்லை. ஆகவே ஞாயிறன்று மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளாரி டை கட்டிக்கொண்டு வந்தார். எட்டு பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். "ஆச்சு. மனசு லேசாச்சு. நான் கிளம்பறேன்பா" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்றவன் யோசிக்காமல் வாயை விட்டான். "அப்படியே போயிட்டா எப்படி? அடுத்தது என் முறை. உங்கள வெறுங்கையோட அனுப்பினா எங்கள ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, மற்றவர்களின் முறைகள் முடியும்வரை கிளாரி எழுந்து போகவும் முடியாது. மற்ற ஏழு பேரும் முறைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மூச்சு விடாமல் குடித்தார்கள். இரண்டு பேருக்குப் புரையேறியது. அப்படியும் குழு மேடை ஏறியபோது வட்டத்தில் ஐந்து பேர் பாக்கி இருந்தார்கள். கம்பெனி ஆள் சீக்கிரம் திரும்ப வேண்டியிருந்ததால் அன்று கடைசிப் பாட்டையே முதலில் வைத்திருந்தார்கள்.

பப்பின் சொந்தக்காரி பெரில் டியர்னி மேடையோரம் வந்தாள்.

"லெஸ், கிளாரி உள்ளதான் இருக்காரு."

"பாத்துட்டேன்."

"வெளியில கொண்டுபோய் உக்கார வையேன் பெரில்!" என்றான் கெவ்.

"நீ போய் சொல்லிப்பாரு. அஞ்சு பேர் பாக்கி. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு."

லெஸ் அன்று ஓடவில்லை. கூட்டம் கத்தியது, கெவ் குதிகாலால் மேடையை உதைத்தான். "ஓட்டு லெஸ், ஓட்டுடா!" என்று மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக் கெஞ்சினான். வாழ்நாள் முழுக்க ஓடிப் பழகிய கைகளை நடக்கவைப்பது மூட்டை தூக்குவதைவிடக் கடினம். லெஸ்ஸின் சட்டை நனைந்து தோலோடு ஒட்டியது. 'ஆறாம் நம்பர் கிரேன்' தொடங்கிய நடையிலேயே நடந்து முடிந்தது. கம்பெனி ஆளின் இதயமும் கூடவே நடந்தது. ஒரு வருடமாகத் தன் அம்மாவோடு பேசவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. கழிப்பறைப் பக்கத்தில் இருந்த போனுக்குப் போய் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து கெவ்வின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நிம்மதியா இருந்தது தம்பி. ஆனா நிம்மதிய என்னால விக்க முடியாது."

அவருடைய கார் போன பிறகு கெவ் டிரம்ஸுக்கு முன்னால் வந்து நின்றான். "என் பொண்ணுங்க ரெண்டு பேரோட எதிர்காலத்தையும் இந்த டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டடா."

"அவரு என்னையே பாத்துட்டு இருந்தாரு கெவ்" என்றான் லெஸ்.

ஏழு மாதம் கெவ் அவனோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பாடினான். ஒலிபெருக்கிப் பெட்டியை ஒருவனாகத் தூக்க முடியாது. ஆகவே இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, படிகளில் பேசாமல் ஏறி இறங்கினார்கள். மனிதர்கள் முற்றிலும் பிரிந்துபோகாமல் இருக்க ஆண்டவர் சில பெட்டிகளைக் கனமாகவே படைத்திருக்கிறார். ஏழாம் மாதம் கிளாரி, நடந்தது எதுவும் தெரியாமல், கெவ்வை நிறுத்தினார். "அன்னிக்கு அந்த சிட்னிக்காரர் வந்தப்ப பாடினியே, அது மாதிரி நீ பாடினதே இல்லடா. அவசரமே இல்லாம. இன்னொரு தடவ அப்படிப் பாடேன்." கெவ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியபோது லெஸ் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கெவ் வாங்கிக் குடித்தான்.

அதற்குப் பிறகு முதல் ஒரு மணி நேரம் மெதுவான பாட்டுகள் என்று வழக்கமானது. நொரீன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்களை அனுப்பினாள். சக்கர நாற்காலிகளுக்காகப் பெரில் ஒரு சாய்தளம் போட்டாள். உலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கெவ் உலையை விட்டுப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனான். குலுக்கல் மேசை இருந்த மூலைக்குச் சூதாட்ட இயந்திரங்கள் வந்தன. பெட்கோவ்ஸ்கி சகோதரர்களில் மூத்தவர் ஒருமுறை "இன்னிக்கு மழை" என்றார். கிளாரி பதினொரு வருடம் அதே நாற்காலியில் இருந்தார். குழு வாசிக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் தூக்கத்தில் இறந்துபோனார்.

அவருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. கோயிலில் குழுவையே வாசிக்கச் சொன்னார் ஃபாதர் டல்லி. 'ஆறாம் நம்பர் கிரேன்' நடையில் தொடங்கியது. பீடத்துக்குப் போகிற வழியில் நொரீன் சவப்பெட்டியின் மூடியில் கை வைத்தாள், எடுக்கவில்லை. உள்ளே, எல்லோருடைய இதயத்தோடும் சேர்ந்து, கிளாரியுடையதும் அடித்தது. ஃபாதர் இறங்கி வந்து தானும் கை வைத்துப் பார்த்தார். "இது உயிர்த்தெழுதல் இல்ல" என்று மெல்லச் சொன்னார். "நாம எல்லாரும் நகர்ந்து உக்காந்து அவருக்கும் கொஞ்சம் இடம் குடுத்திருக்கோம், அவ்வளவுதான்."

கெவ் அதைக் கேட்டான். பாட்டு முடியும் இடம் வந்தபோது அவன் முடிக்காமல் முதல் வரிக்குத் திரும்பினான். மறுபடியும் திரும்பினான். யாரும் எழுந்து போகவில்லை. சவ வண்டி ஓட்டுநர் என்ன தாமதம் என்று பார்க்க உள்ளே வந்தவர், நெஞ்சில் கை வைத்து, தொப்பியைக் கழற்றிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மெழுகுவர்த்திகள் பாதியாயின. லெஸ்ஸின் மணிக்கட்டுகள் வீங்கின. கெவ்வின் குரல் தேய்ந்து வெறும் காற்றாகியும் அவன் நிறுத்தவில்லை.

பெரில் எழுந்து அவனிடம் போனாள். கடை சாத்தும் நேரத்தில் போக மனமில்லாமல் நிற்பவர்களிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"நேரமாச்சு கண்ணு. அவர வீட்டுக்கு விடு."

கெவ் திரும்பி லெஸ்ஸைப் பார்த்தான். "மெதுவாடா" என்றான்.

லெஸ் ஒவ்வோர் அடியையும் முந்தையதைவிடத் தள்ளி வைத்தான். இருக்கைகளில் இருந்தவர்களின் மூச்சு நீண்டது. கடைசி இரண்டு அடிகளுக்கு நடுவே நொரீனால் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் முழுவதும் சொல்ல முடிந்தது. பிறகு அவன் குச்சிகளை மடியில் வைத்தான். அவரவர் இதயம் அவரவரிடம் வந்தது. நொரீன் மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் பப்புக்குப் போனார்கள். முதல் சுற்றை கெவ் வாங்கினான். சவ வண்டி ஓட்டுநர் காத்திருந்த நேரத்துக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. ஒரு பீர் குடித்தார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார்.