நிழல் நேரம்

அந்த வக்கீல் அலுவலகத்தில் யாராவது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து யோசித்தால் விளக்கு அணைந்துவிடும். அறையில் ஆள் இல்லை என்று அதுவாகவே முடிவு கட்டிக்கொள்ளும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பெரியவர் செய்துவைத்த ஏற்பாடு அது. வக்கீல்களுக்கு வேலையே யோசிப்பதுதானே! அதனால் நாள் முழுக்க ஏதாவது ஓர் அறையில் யாராவது ஒருவர் தலைக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் வேலை வெட்டி இல்லாமல் ஈ ஓட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

பெரியவர் அந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். பிடித்தால் ஒரே பிடி. காற்று, வெயில், ஓடுகிற தண்ணீர் இவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் வழக்காடுவது, ஒப்பந்தம் எழுதுவது என்று வைத்திருந்தார். நிலக்கரிக்காரர்கள் பெரிய கார் போட்டுக்கொண்டு வந்தால் நல்ல டீயாகக் கொடுத்து அனுப்பிவிடுவார். காற்றாலைக்காரனுக்குக் கையில் காசில்லை என்றால், "ஓடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சும்மாவே எழுதிக்கொடுப்பார்.

அந்த அலுவலகத்தில் காற்றாலை ஒப்பந்தம் என்றால் ஒரு பெண் வக்கீல்தான். எல்லோரும் அவளைப் 'பூட்டு மேடம்' என்பார்கள். அவள் எழுதிய ஷரத்தை எந்த வக்கீலாலும் திறக்க முடியாது என்று பேர். கேட்டால் முகத்தைச் சுளிப்பாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அடுத்த மாதம் அவளைப் பங்குதாரராக்கி வாசல் பலகையில் அவள் பெயரையும் எழுதப்போகிறார்கள் என்று பேச்சு. பேச்சென்ன பேச்சு, பலகைக்காரன் வந்து அளவே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக ஒரு கோப்பு வந்தால், எதிர்த்தரப்பில் இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் பெரியவர் எல்லோர் எதிரிலும் வாசிப்பார். "இதுல உங்களுக்குச் சொந்தக்காரங்க, வேண்டியவங்க, சண்டைக்காரங்க யாராவது உண்டா?" என்று கேட்பார். இருந்தால் கையைத் தூக்கிவிட்டு அந்தக் கோப்பை விட்டு விலகிவிட வேண்டும். இரண்டு பக்கமும் கால் வைத்த வக்கீலை யாரும் நம்ப மாட்டார்கள் இல்லையா?

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால், குன்றுமேல் காற்றாலை வைக்கிற கம்பெனி வந்தபோதும் அப்படித்தான் வாசித்தார். குன்றுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும், சத்தத்துக்கும் நிழலுக்கும் ஆட்சேபம் சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வரிசையில் அவளுடைய அக்கா கணவர் பெயரும் வந்தது. 'அட, நம்ம மாமா!' என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். கையைத் தூக்கவில்லை.

ஏமாற்ற நினைத்தாளா என்றால், சத்தியமாக இல்லை. எதிர்த்தரப்பு என்றால் மேசைக்கு அந்தப் பக்கம் முறைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள். அக்கா எப்படி அதில் சேருவாள்? அம்மா போன பிறகு இவளுக்குத் தலை வாரிவிட்டவள், தன் படிப்பை நிறுத்திக்கொண்டு இவளைச் சட்டம் படிக்க வைத்தவள். அப்படிப்பட்டவளை எதிர்த்தரப்பு என்று நினைக்க யாருக்குத்தான் தோன்றும்? அதோடு விட்டாளா, கம்பெனி ஆள் ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறான் என்று அக்கா போன் செய்தபோது வாயைத் திறந்தும் சொல்லிவிட்டாள்.

"தாராளமாப் போடுக்கா. நான் எழுதினதுதான். நல்ல காரியம்."

"நீ எழுதினதா? அப்ப சரி. எங்கே போடணும்னு மட்டும் சொல்லு குட்டி."

நல்ல காரியம் செய்கிறவர்களிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. காரியம் நல்லது என்பதாலேயே தாங்கள் செய்வதெல்லாம் நல்லதுதான் என்று இருந்துவிடுவார்கள். இவளும் அதற்கு விலக்கில்லை.

காற்றாலைகள் எழுந்து, சுற்றத் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அவள் அக்கா வீட்டுக்குப் போனதெல்லாம் அவசர அவசரமாகத்தான். காலையில் போவாள், சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இருட்டும்வரை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனாள். பங்குதாரர் ஆகப்போகிற சந்தோஷத்தை நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று ஆசை.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நாற்காலியில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர் அவர். நடக்கவும் பேசவும் குறையில்லை. ஆனால் கண்ணெதிரே எதுவும் பளிச் பளிச்சென்று அடித்தால் தலை சுற்றிக் குடலைப் பிடுங்குவதுபோல் வாந்தி வரும். டி.வி.கூடப் பார்க்க மாட்டார்.

ஜன்னல் பக்கம் பார்த்த அக்கா மகள், "நிழல் நேரம்" என்றாள்.

அவ்வளவுதான். அக்கா மாமாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். மகள் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டாள். மூவரும் வீட்டின் பின்பக்கம் போனார்கள். ஏதோ தினமும் செய்கிற வேலைபோல அது நடந்தது.

"எங்கே எல்லாரும் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்திருப்பதற்குள் கூடம் இருண்டது. உடனே வெளுத்தது. மறுபடி இருண்டது. சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்க, சுற்றுகிற இறக்கைகளின் நிழல் சுவரிலும் தரையிலும் அவள் கையிலும் மாறி மாறி வெட்டிக்கொண்டு போனது. எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டாள். திரையோடு சேர்ந்து அறையே அடித்துக்கொண்டது. தலையில் அடிபடாத அவளே கண்ணைப் பொத்திக்கொண்டு அவர்கள் போன பக்கம் ஓடினாள்.

பின்பக்கம் ஜன்னலே இல்லாத சாமான் அறை. பழைய பெட்டிகளுக்கும் அரிசி டப்பாவுக்கும் நடுவில் மூன்று முக்காலிகள் போட்டு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"எவ்வளவு நாளாக்கா இப்படி?"

"வெயில் அடிக்கிற நாளெல்லாம்தான் சித்தி. மேகம் போட்டா எங்களுக்கு லீவு" என்று அக்கா மகள் சிரித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்கா மாமாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கம்பெனிக்கு போன் பண்ணினேன் குட்டி. நிழலுக்கு ஆட்சேபம் சொல்ல மாட்டேன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்கன்னு வாசிச்சுக் காட்டினாங்க. அது நீ எழுதினதாச்சே. உன்கிட்டயே வந்து என்னன்னு சொல்றது? நீ சங்கடப்படுவே."

"நல்லா இருக்கே!"

"வீட்டை வித்துட்டு வேற எங்கேயாவது போயிடலாம்னு பாக்கிறோம். வர்றவங்க எல்லாம் காலையில வந்து ஆஹான்னு சொல்றாங்க. சாயங்காலம் வந்து பாத்துட்டு ஓடிப்போயிடறாங்க." அக்கா பக்கத்துச் சுவரைத் தடவினாள். "பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு."

கொண்டுபோன சந்தோஷத்தைச் சொல்லாமலே அவள் கிளம்பினாள். பஸ் ஜன்னல் வழியே குன்றுமேல் காற்றாலைகள் தெரிந்தன. இப்போதும் அவை அழகாகத்தான் இருந்தன. புகை இல்லை, கரி இல்லை, யார் சோற்றிலும் மண் விழவில்லை என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பாள்! அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

கம்பெனிக்காரர்களிடம் தயவாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் கேட்க வேண்டியதில்லை என்று கல்லில் எழுதியதுபோல எழுதிக்கொடுத்ததே அவள்தான். எவ்வளவு யோசித்தாலும் அதை உடைக்க ஒரே வழிதான் இருந்தது. கம்பெனியின் வக்கீலே எதிர்த்தரப்பிடம் போனில் 'கையெழுத்துப் போடு' என்று சொல்லியிருந்தால் அந்தக் கையெழுத்து செல்லாது. அது அவளுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அக்கா உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டாள். அவள் வாயைத் திறந்தால் பலகையில் பெயர் வராது. வேலைக்கே உலை வைத்ததாகவும் ஆகலாம். திறக்காவிட்டால் அக்கா வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான்.

மறுநாள் காலை பெரியவர் அறைக்குப் போய் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒன்று விடாமல் சொன்னாள். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்தும் அசையவில்லை. விளக்கு அணைந்தது. இரண்டு பேருக்கும் கையை ஆட்டத் தோன்றவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து, "இதை ஏம்மா வந்து சொன்னே?" என்றார்.

"சொல்லாம இருந்திருக்கணுமா சார்?"

"அன்னிக்குக் கையைத் தூக்கியிருக்கணும்!" மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டார். விளக்கு வந்தது. அவர் முகம் சிவந்திருந்தது. "காத்தாடிக்காரன்னா ஏழை வீட்டை ஏமாத்தறவன்னு ஊர்ல ஏற்கெனவே நாலு பேர் பேசிட்டுத் திரியறாங்க. அவங்க வாயில நீயே அவல் போட்டுட்டியே!"

பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பலகை இப்ப இல்லை. எப்பன்னு என்னால சொல்ல முடியாது. கம்பெனிக்காரன்கிட்ட நானே சொல்றேன். இனி அந்தக் கோப்புல நீ கை வைக்கக் கூடாது. அக்காவுக்குத் தனியா ஒரு வக்கீல் வேணும், நம்ம ஆள் இல்லாம. அவருக்கு ஆகிற செலவு நம்மோடது." வாசல்வரை போனவளைக் கூப்பிட்டார். "போன்ல சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போ."

கம்பெனிக்காரர்கள் குதி குதியென்று குதித்தார்கள். வேறு வக்கீலிடம் போய்விடுவோம் என்று மிரட்டினார்கள். பெரியவர், "தாராளமாப் போங்க. ஆனா கீழே இருக்கிற வீட்டுக்காரங்க அத்தனை பேரையும் பகைச்சுக்கிட்டு மேலே எத்தனை நாள் சுத்துவீங்க?" என்று கேட்டார். கடைசியில் அவர்களுடைய இன்ஜினியரைக் கூப்பிட்டு விசாரித்தால், அக்கா வீட்டின்மேல் நிழல் விழும் நேரம் பார்த்து, அந்த நிழலைப் போடுகிற ஒரு காற்றாலையை மட்டும் நிறுத்திவைக்க ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறதாம். நஷ்டம் என்று சொல்லும்படி ஒன்றும் ஆகாதாம். பிறகு ஏன் செய்யவில்லை என்றதற்கு, "யாரும் கேக்கலையே" என்றார் அவர். கேட்க முடியாதபடி எழுதிவைத்தவளுக்கு அது சுருக்கென்றது.

புது ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடும் நாளில் அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை எல்லோர் எதிரிலும் அவளே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போக மனமில்லாமல் சுவரோரம் நின்றாள்.

மேசையின் இந்தப் பக்கம் கம்பெனிக்காரர்களும் பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் அக்காவும் மாமாவும், அவர்களுக்காக வந்த பெண் வக்கீலும். அந்தப் பெண் அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். பையைத் திறந்து பேனாவைத் தேடவே அவளுக்கு நேரம் பிடித்தது.

முதல் பக்கத்தில் மாமா கையெழுத்துப் போட்டார். அக்காவின் முறை வந்தது. அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் பார்த்தாள்.

"இது சரியா இருக்கா குட்டி? போடலாமா?"

அந்த ஒப்பந்தத்தை அவள் படித்ததில்லை, படிக்கவும் கூடாது. ஆனாலும் 'போடுக்கா' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெரியவர் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கேக்காதேக்கா" என்றாள். "நான் எதிர்த்தரப்பு ஆளு. உன் வக்கீலைக் கேளு."

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. சின்ன வயதில் இவள் கையை உதறிவிட்டு ஓடும்போதுகூட அக்கா முகம் அப்படி ஆனதில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அக்கா பேனாவை மேசைமேல் வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நாற்காலியை அந்தச் சின்ன வக்கீல் பக்கம் நகர்த்திப்போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, முதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி."

அந்தப் பெண் வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அக்கா நிறுத்தினாள். மேகம் விலகித் திடீரென்று வெயில் வந்தால் யார் நிறுத்துவார்கள்? நிறுத்த மறந்துவிட்டால் எங்கே போன் செய்வது, எடுக்காவிட்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே தொல்லை இருக்கிறதே, அவருக்கு என்ன வழி? கம்பெனியை இன்னொருத்தர் வாங்கிவிட்டால் இந்தப் பேச்சு அவரைக் கட்டுமா? கம்பெனிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் தன் தாளில் குறித்துக்கொண்டே வந்தார்.

சுவரோரம் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இத்தனை கேள்வி கேட்கத் தெரியும் என்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது.