வெண்டிலேட்டருக்குப் போட்ட கண்ணாடி

கம்பை ஆட்டாதே. ஆட்ட ஆட்ட அது மேலேதான் போகும். மேலே கண்ணாடி. இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் இந்தக் கொட்டகைக்குள் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்?

இதில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஒட்டடைக்கம்போடு குதித்துக்கொண்டிருந்த என் கொழுந்தனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் பின்னாலிருக்கும் இந்தக் கொட்டகையில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சோபா செய்கிறார்கள். உறை தைப்பது நான். என் தலைக்கு மேலிருக்கும் வெண்டிலேட்டர் வழியாக ஒரு தகைவிலான் குருவி தினமும் வந்து போகும். உத்திரத்தில் உட்கார்ந்து இறகைக் கோதும். துணியில் தூசி படிகிறது என்று நேற்று சாயங்காலம் அந்த ஓட்டையில் கண்ணாடி போட்டார்கள். "குருவி உள்ள இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். "சரி, சரி" என்றார் அவர், வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு.

பார்க்கவில்லை. காலையிலிருந்து அது கண்ணாடியில் மோதிக்கொண்டிருக்கிறது. மோதிய இடத்தில் சிறு ரத்தப்பொட்டு.

"அண்ணி, வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு கை குடுக்கலாம்ல?"

"லைட்ட அணைச்சிட்டுக் கதவத் திற. அதுவே போயிடும்."

"கதவத் திறந்தா இன்னும் நாலு உள்ள வரும். அதுங்களுக்கும் சேத்து அண்ணி பாய் விரிப்பாங்க" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

அவரும் சிரித்தார். "விடுடா, சாப்பிட்டு வருவோம். ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்." பிறகு என்னிடம், "அப்புறம் நீ பெருக்கிடு" என்றார்.

ரெண்டு நாள்ல தானா அடங்கிடும். இதே வார்த்தைகள், இதே குரல். கல்யாணமான புதிதில், தையல் பள்ளியில் எனக்குக் கிடைத்த வேலைக்குப் போகக் கூடாது என்றபோது, நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன். அடுத்த அறையில் அவர் தன் அம்மாவிடம் இதைத்தான் சொன்னார். இரண்டு நாள் இல்லை, நான்கு நாளானது. ஆனால் அடங்கினேன். அவர் அப்படிச் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். சொன்னது பலித்துவிட்டதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரை என்று கேட்டால் பதில் கொஞ்சம் அசிங்கமானது.

அவர்கள் வீட்டுக்குள் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். கொட்டகையிலேயே கனமான துணி, மூன்று மணிக்கு வரப்போகிற கஸ்டமரின் கருநீல வெல்வெட். அதை வெண்டிலேட்டர் சட்டத்தின் நான்கு மூலையிலும் ஸ்டேப்ளரால் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் கை அதிர்ந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது. விளக்கை அணைத்தேன். பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்துவிட்டு, மறுபடி மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

இருட்டில் உத்திரத்தின் மேல் வாயைப் பிளந்தபடி மூச்சு வாங்கியது குருவி.

கைகூடக் காயாமல் திரும்பி வந்தார்கள்.

"அது கஸ்டமர் துணிடி."

"தெரியும்."

"ஓட்டை விழுந்திருக்கும்."

"ஓரத்துலதான் அடிச்சிருக்கேன். மடிச்சுத் தைக்கிற இடம். வெளிய தெரியாது."

"அண்ணி விளையாடுறாங்கண்ணே" என்றான் தம்பி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

குருவி உத்திரத்திலிருந்து இறங்கி, உறை போடாத சோபாவின் சாய்மானத்தில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துக் கதவைப் பார்த்தது. வெளிச்சம் வருகிற ஒரே வழியில் இவர்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வழிய மறைக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

தம்பி தன்னையறியாமல் ஒதுங்கினான். அவர் அசையவில்லை.

"மொதல்ல துணிய இறக்கு. அவங்க வர்ற நேரமாச்சு."

கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"இறக்க மாட்டேன்" என்றேன், குருவி மிரளாத அளவுக்கு மெதுவாக.