நாற்பதில் நிற்காத காற்று

1

இந்தக் கதை சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு வால்வில் பிறந்தது. என் பைக்கின் இருக்கைக்குக் கீழே, ரப்பர் மூடிக்குள் அது ஒளிந்திருக்கிறது. மற்ற வண்டிகளில் பின்பக்கக் குலுக்கலை ஸ்பிரிங் தாங்கும். இதில் காற்று தாங்கும். ஓய்வுபெற்றதும் பழசாக வாங்கிய தூரப் பயண வண்டி. யானை எடை. (கொஞ்சம் அதிகம்தான். சினை எருமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சமயநல்லூர் வானம் கறுத்து, இடி—’

அந்த வரியை அடித்துவிட்டேன். வெயில் பளீரென்று அடிக்கிறது.

2

எஸ்தர் என் மனைவி. முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் நடமாடுகிறாள். வண்டியில் போகலாம், ஆனால் தூக்கிப்போடக் கூடாது. போட்டால் மறுபடி படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொட்டாம்பட்டியில் அவள் தங்கை வீட்டுப் புதுமனை ஜெபம் இன்று.

“கார் சொல்றேன்” என்றேன்.

“இம்புட்டு நாளா மோட்டுவளையவே பாத்துக்கிட்டு கெடந்தேன். இன்னொரு பெட்டிக்குள்ள போயி உக்காரவா? மூஞ்சில காத்து அடிக்கணும்.”

இருவர் ஏறினால் காற்றழுத்தம் நாற்பது பவுண்டு இருக்க வேண்டும். குறைந்தால், பள்ளத்தில் இரும்போடு இரும்பு இடிக்கும். அந்த இடி நேராக அவள் முதுகுக்குப் போகும்.

3

கைப்பம்பை மாட்டி நாற்பது வைத்தேன். கழற்றினேன். புஸ். சந்தேகம். மறுபடி மாட்டினால் முப்பத்துமூன்று. அடித்து ஏற்றினேன். திரும்பவும் பார்த்தேன். திரும்பவும் குறைவு. சிம்மக்கல்லில் இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் சங்கிலிக்குப் போன் போட்டேன்.

“பம்ப மாட்டுனாலே கொழாய்க்குள்ள கொஞ்சம் காத்து போயிரும்ணே. சும்மா சும்மா சோதிச்சா கொறையத்தான் செய்யும்.”

“லீக்கா இருந்தா, மாப்ள?”

“அப்பவும் கொறையும்.”

“எதுன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?”

“ரெண்டு பேரும் ஏறி ஒரு பள்ளத்துல விடுங்க. தட்டுச்சுன்னா லீக்கு.”

(இந்தப் பகுதியையும் பலமுறை சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல வரி காணாமல் போனது.)

4

எஸ்தரிடம் சொன்னேன். “காத்து நிக்க மாட்டேங்குது.”

“எம்புட்டு எறங்குச்சு?”

“ஏழு.”

“அப்ப ரெண்டு.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து என் எண்களை வகுத்துத்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள். “வைகைல மொதல பாத்தேன்னீங்க. போயி பாத்தா ஓணான்.”

“சத்தியமா ஏழு, எஸ்தர்.”

“நீங்க சத்தியம் வேற பண்ணுனா, ஒண்ணு.”

இந்த எஸ்தரை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பயந்த சுபாவக்காரியாக எழுதினால் காரில் ஏறிவிடுவாள், கதையும் முடிந்துவிடும். எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண்ணை எனக்கு யாரென்றே தெரியவில்லை.

5

முடிவு அ: ஒன்றும் ஆகவில்லை. கொட்டாம்பட்டியில் பிரியாணி. மச்சினியின் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து— (பிரியாணியைக்கூட என்னால் மிகைப்படுத்த முடியவில்லை.)

முடிவு ஆ: மேலூர் தாண்டி, பாலம் தொடங்கும் இடத்தில், பின்னால் ‘டங்’ என்று ஒரு

எழுத மாட்டேன்.

6

நான் முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஏறிவிட்டாள். பின்பக்கம் இறங்கியது. எவ்வளவு என்று தெரியவில்லை; திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. எஞ்சின் ஓடுகிறது. கியரில் இருக்கிறது. கிளட்சைப் பிடித்திருக்கிறேன்.

வாசகரே, இதுவரை நான் சொன்னதை எல்லாம் நீங்களும் வகுத்துத்தான் படித்திருப்பீர்கள். பரவாயில்லை. அந்த ஏழு என்ற எண்ணை மட்டும் வகுக்காதீர்கள். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்பாள். இறங்கச் சொல்லுங்கள். இல்லை, பயப்படாமல் போகலாம் என்றால் என்னிடம் சொல்லுங்கள்.

எஸ்தர் தோளைத் தட்டுகிறாள். “யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க? வண்டிய எடுங்க.”

விரல் வலிக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.