வேம்பாளம்பட்டைச் சிவப்பு

மந்தைவெளியில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் சுப்பராமனுக்கு இஞ்ச் டேப்பைக் கண்டால் ஆகாது. அந்தத் தெருவில் ஐந்து வீடுகளுக்கு டேப்போடு ஆள் வந்தது. ஐந்தும் இப்போது அடுக்குமாடி. பழைய குடித்தனக்காரர்கள் கொட்டிவாக்கத்தில் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, வீட்டுக்காரர் இறந்து வருஷாப்திகம் முடிந்த மறுவாரமே அவர் பிள்ளை கிரீஷ் டேப்போடு வந்து கூடத்தை அளக்க ஆரம்பித்ததும், சுப்பராமன் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கிரீஷ் ஓவியனாம். பரோடாவில் படிப்பு. முப்பது வயதுக்குள் தாடி, ஜோல்னாப் பை, ‘நினைவு’ என்று சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் மூன்றையும் சம்பாதித்துவிட்டான். அன்றாட வாழ்வில் நினைவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறானாம். தேடுகிறவனுக்கு டேப் எதற்கு என்று சுப்பராமன் சமையலறையில் மனைவி ஜானுவிடம் கேட்டார். ப்ரோமோட்டரின் ஆள் தாடி வைக்கக் கூடாதென்று சட்டமா என்றும் கேட்டார். காப்பி கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தால், வாசற்படியின் அகலத்தைக்கூட நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவன் சுவரோரப் பெஞ்சை நகர்த்தினான். தலை சாயும் உயரத்தில், தட்டு அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை, செக்கச்செவேலென்று. கிரீஷ் அதன்முன் மண்டியிட்டான்.

“நாங்க இந்த வீட்ல இருந்தப்போ அப்பா சாயங்காலம் இங்கதான் சாஞ்சுண்டு உக்காந்திருப்பார், மாமா. அவர் போய்ட்டார், தலை மட்டும் இருக்கு பாருங்கோ. இந்தச் சிவப்பு அவரோட கோபம்.”

சுப்பராமன் வாயைத் திறந்தார். இவர்கள் குடிவந்த அன்று அந்தச் சுவர் பால்வெள்ளை. சிவப்பு, ஜானு தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சும் வேம்பாளம்பட்டை. தலை சுப்பராமனுடையது.

“நாளைக்கு ப்ரோமோட்டர்கிட்ட கையெழுத்துப் போடறதா இருந்தேன். அதுக்குத்தான் இந்த அளவெல்லாம். இதைப் பாத்தப்புறம் எப்படி இடிக்கச் சொல்றது?”

திறந்த வாயில் சுப்பராமன் காப்பியை ஊற்றிக்கொண்டார். பதினெட்டு வருஷமாக வீட்டுக்காரர் ஒருமுறைகூட வெள்ளையடிக்காததற்கு மனசுக்குள் முதல் தடவையாக நன்றி சொன்னார்.

கிரீஷ் அந்தக் கறையை ஆளுயரத்துக்கு வரைந்து ஆழ்வார்பேட்டையில் கண்காட்சி வைத்தான். சுப்பராமனும் போனார். கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாள் அவருடைய தலையெண்ணெய்க்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒப்பிட்டுப் பார்த்துவிடப் போகிறார்களே என்று அவர் படத்தை விட்டு நாலடி தள்ளியே நின்றார்.

அதன்பின் அந்தப் பெஞ்சில் யாரும் சாயக் கூடாதென்று கிரீஷின் உத்தரவு. சுப்பராமன் எதிர்ப்பக்க நாற்காலிக்குக் குடிபெயர்ந்தார்.

ஐந்தாறு மாதம் கழித்து கிரீஷ் வந்தான். கறையை வெகுநேரம் பார்த்தான். பிறகு சுப்பராமனின் தலையையும் பார்த்தான். அவர் தோள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

“அப்பா மங்கிண்டே போறார், மாமா. விடைபெற்றுக்கறாரோ என்னவோ. ப்ரோமோட்டரும் தினம் போன் பண்ணிண்டேயிருக்கான்.”

அவன் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும் ஜானு எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் உச்சந்தலையில் ஒரு கரண்டி வைத்தாள்.

“போய் சாஞ்சுண்டு உக்காருங்கோ.”

சுப்பராமன் வாசல் கதவைத் தாழிட்டார், ஜன்னலையும் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்து தலையை மெல்லச் சுவரில் வைத்தார்.

“கொஞ்சம் இடது பக்கம்” என்றாள் ஜானு.