வாசல் பலகையில் அண்ணியின் எண்

இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள் அந்த நர்ஸ். கைபேசி அலறியது.

"பாத்ரூம் அடைச்சுக்கிச்சு. உடனே வாங்க."

"நீங்க யாரு? என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

"பக்கத்து வீட்டுல தங்கியிருக்கோம். கேட்டுல போர்டு இருக்கே, பொறுப்பாளர், பக்கத்து வீடுன்னு."

பக்கத்து வீடு கொழுந்தனுடையது. வெளியூரில் இருந்தபடியே, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அதை நாள் வாடகைக்கு விட்டுவந்தான். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து நிற்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், அவர் எண் வாசலில் இருக்க வேண்டும் என்று நகராட்சி புதிதாக விதி போட்டிருந்தது. அவனுக்கு அகப்பட்ட ஆள் அண்ணி.

அவள் எழுந்து போய்க் கேட்டபோது கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "தம்பி கேட்டான். சரின்னுட்டேன்."

"உங்க நம்பரைக் குடுக்க வேண்டியதுதானே?"

"நான் கடைக்குப் போயிடுவேன். நீதான் பகல்ல சும்மா இருக்கியே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிய விடிய வார்டில் நின்றுவிட்டு வந்து படுப்பது இவருக்குச் சும்மா இருப்பது.

"சரின்னு சொன்னது உங்க வாய். வாளியை எடுத்துட்டு நீங்களே போங்க."

அவர் போனார். கால்சட்டை நனைந்து, முகம் சுண்டித் திரும்பியபோது அவள் நகராட்சிக்குக் கிளம்பியிருந்தாள்.

"வீட்டுக்காரர் சொன்ன பேரை ஏத்திக்கிட்டோம்மா," என்றார் குமாஸ்தா. "சத்தம் போடுறாங்கன்னு புகார் வந்து நீங்க போகலைன்னா உங்களுக்கும் அபராதம் உண்டு."

"என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

"கேக்கணும்னு விதியில இல்லையே."

"நான் விழுந்தடிச்சு ஓடி வரணும்னு மட்டும் இருக்கா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் கேட்டு அதிகாரியே அறையிலிருந்து வந்தார். விவரம் கேட்டவர் தலையைச் சொறிந்தார்.

"உங்க பேரை எடுத்துடறேம்மா. ஆனா வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்த வீட்டை வாடகைக்கு விட முடியாது."

"அது அவர் பாடு."

சாயங்காலம் கொழுந்தன் கூப்பிட்டான். "என்ன அண்ணி இது, அடுத்த வாரம் ஆள் வர்றாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

கைபேசியைக் கணவரிடம் நீட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பேருந்து ஏறிய பிறகும் கோபம் ஆறவில்லை, ஆறட்டும் என்று அவளும் நினைக்கவில்லை.