முப்பத்தாறாவது வளைவில் கடல்

...பிரேக்கே கிடையாது, அதுதான் இரண்டு வருஷமாகச் செல்லமுத்துவின் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பதினோரு மாடிக் கப்பல், நீச்சல் குளம் வைத்திருக்கிறார்கள், சினிமாக் கொட்டகை வைத்திருக்கிறார்கள், ஒரு பிரேக் வைக்கவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் அடியில் சுழலும் விசிறியை எதிர்ப்பக்கம் சுழற்றுவார்களாம், அப்போதும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் நிற்குமாம், அறையைக் கூட்ட வந்த நாகர்கோவில்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிக்கிற விஷயமா இது... இதோ எழுபதாவது வளைவு வந்துவிட்டது, செம்மேட்டில் அவர் எடுத்த பஸ், ஐம்பத்திரண்டு பேர், கூரையில் மிளகு மூட்டை, வாழைத்தார், எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த அவர் காலடியில் ஒரு மிதிகட்டை இருக்கிறது, மிதித்தால் காற்று சீறும், நிற்கும். இடப்பக்க முன் சீட்டில் மனைவி சுமதி உட்கார்ந்திருக்கிறாள். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் தையல்காரரிடம் இருக்கும் ரவிக்கைகளை வாங்க வேண்டும், வழுக்காத செருப்பு வாங்க வேண்டும், கப்பலுக்கு. வியாழக்கிழமை புறப்பாடு, இன்னும் நான்கே நாள். முதல் தடவை இரண்டு இரவு, இந்தத் தடவை ஐந்து இரவு, இலங்கை வரைக்கும், சென்னையில் வேலை பார்க்கிற மகள் தேன்மொழி மறுபடியும் டிக்கெட் போட்டுவிட்டாள், அம்மா கேட்டாளாம், அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை...

இறங்கும்போது பிரேக்கை நம்பக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் ஓட நினைக்கும், இன்ஜின் விடாது, பிரேக் கடைசியில் ஒரு தொடுதலுக்குத்தான், தொட்டுக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன், ஏறுகிறவனுக்கு வழி, இறங்குகிறவன் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம். இவ்வளவுதான் இந்த மலை. எழுபது வளைவையும் பார்த்து உங்களுக்குப் பயமே இல்லையா என்று கீழிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். எது எதை எங்கே பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் பயம் எதற்கு, தெரியாத இடத்தில்தான் பயம்... "ஏன் கண்ணு, கப்பல்ல ஸ்டேரிங் உன்ற கையில குடுப்பாங்களா?" பின் சீட்டிலிருந்து பாப்பாயி, மிளகு விற்கப் போகிறவள், வாரம் இரண்டு தடவை இந்த வண்டியில்தான். "இவரு கையில குடுத்தா கடல்லயும் வளைவு வளைவாத்தான் ஓட்டுவாருங்க" என்று சுமதி சொல்ல, படிக்கட்டில் நின்ற கண்டக்டர் முரளி, "ஹாரன் அடிச்சு மீனை எல்லாம் ஒதுங்கச் சொல்லுவாரு" என்றான். வண்டியின் முன்பாதி சிரித்தது. செல்லமுத்துவும் கண்ணாடியில் தெரிகிற அளவுக்குச் சிரித்தார். அறுபத்தொன்று, அறுபது.

சுமதியின் குரல் இந்த வாரம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது, கல்யாணத்தின்போது கூட இப்படி இருந்ததாக ஞாபகமில்லை. முதல் பயணத்தில் மேல்தளத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாளே, ஏனுங்க, எங்கயுமே மேடு இல்லீங்க பாருங்க என்றாளே. பிறந்ததிலிருந்து அவள் கால் சமதரையில் நடந்ததில்லை, ஊட்டுக்கு இறக்கம், காட்டுக்கு ஏற்றம், தண்ணீருக்கு இறக்கம், குடத்தோடு மறுபடி ஏற்றம், முட்டி தேய்ந்துபோய் இரவில் முனகுவாள், அந்த மூன்று நாள் முனகவில்லை, கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருந்தாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டு எப்படி ஓடுவது என்று எல்லோருக்கும் பழக்கினார்களே, அதிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள், இன்றைக்கும் அவள் போனைத் திறந்தால் அந்தப் படம்தான். அவர் என்ன செய்தார்? அறையிலிருந்து படகு தொங்கும் தளத்துக்கு எத்தனை படி என்று எண்ணினார், அறுபத்து நான்கு. ஜன்னல் இல்லாத அறை, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து இரவு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் ஏறும், இறங்கும், கப்பல் திரும்பியதா இல்லையா என்பது மட்டும் அதில் தெரியவில்லை. முப்பது வருஷம் திருப்பிய மனுஷனுக்கு, தன்னை வேறொருவன் திருப்பும்போது தெரியவில்லை... ஐம்பத்தைந்து, ஓரத்தில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் ஏறிய மிளகுக்கொடி, நல்ல வெளிச்சம், கீழே மட்டும் பனிமூட்டம் தேங்கி நிற்கிறது.

அது கரையில் இறங்கிய பிறகுதான் தொடங்கியது. வீட்டு வாசலில் நிற்கிறார், தரை மெதுவாக ஏறுகிறது, இறங்குகிறது. குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் போனில் தேடித் தேடிப் படித்தார், காதுக்குள்ளே கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஒன்று இருக்கிறதாம், வளைந்த மூன்று குழாய், உள்ளே நீர், தலை சாய்ந்தால் நீர் சாயும், மூளை அதைப் பார்த்து உடம்பை நேராக்கும். கப்பலில் போனால் மூளை ஆட்டத்துக்கு எதிராட்டம் பழகிக்கொள்கிறது, சிலருக்கு, வெகு சிலருக்கு, கரைக்கு வந்த பிறகும் அந்த எதிராட்டத்தை விட மறுக்கிறது. சிலருக்கு விடுவதே இல்லை என்றும் எழுதியிருந்தது, அந்த வரியை இரண்டாம் முறை படிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் வண்டி ஓடும்போது ஆட்டமே இல்லை, இதுவும் எழுதியிருந்தது, அசைவுக்குள் இருந்தால் மூளைக்குச் சமாதானம். வண்டி நின்றால்தான் கடல். அந்த நாட்களில்தான் சுமதி டீயை அரை டம்ளராகக் கொடுக்க ஆரம்பித்தாள், பாலுக்குப் பஞ்சமா என்று கேட்டதற்கு, வேணும்னா இன்னொருக்கா வாங்கிக்கங்க என்றாள், அப்படியே வழக்கமாகிவிட்டது. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் குளியலறையில் சுவரைத் தொடாமல் நின்றார், ஒன்றுமில்லை, போய்விட்டது, ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். ஆனால் பன்னிரண்டாம் நாள்... நாற்பத்தெட்டு. பன்னிரண்டாம் நாளை நினைக்க வேண்டாம், நாற்பத்தேழு, ஹாரன், பாதையைப் பார்.

ஆனால் பாப்பாயி விடமாட்டாள். "உனக்குத் தெரியுமா சுமதி, அன்னிக்கு முப்பத்தாறுல உன்ற ஊட்டுக்காரரு நிறுத்துனாரே ஒரு நிறுத்து..." ஊருக்கே தெரிந்த கதை. லாரி ஏறி வருகிறது, இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கிறது, லாரிக்கு இடம் போதவில்லை, செல்லமுத்து அப்படியே இரண்டு முழம் முன்னால் விட்டு, பம்பர் தடுப்புச் சுவரைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினார், அதற்கப்பால் வெறும் ஆகாசம். "அண்ணன் ஒரு நூல் பிசகாம நிறுத்துவாரு" என்று முரளி அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறான். யாரும் விடவில்லை, வண்டி தானாகப் போனது, இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஆட்டம் வந்த முதல் சில நாட்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நழுவுகிற மாதிரி இருந்தது, பதறிப் பதறி மிதித்தார், ஏனுங்கண்ணா நின்ன வண்டியை நிறுத்தறீங்க என்று முரளி கேட்டான், அதனால் தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டார், நம்பாதே, இது வண்டி இல்லை, இது காது, நகர்கிற மாதிரி இருந்தால் அது கடல். நன்றாகவே பழகிவிட்டது. அந்தப் பன்னிரண்டாம் நாள் ஹேண்ட் பிரேக் முழுசாக ஏறவில்லை, கால் லேசாகத் தளர்ந்திருந்தது, வண்டி நழுவியது, அவருக்கு நன்றாகத் தெரிந்தது, உடம்பு முழுக்கச் சொன்னது, அவர் நம்பவில்லை. இது கடல், இது கடல் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டிரைவரே என்று பாப்பாயி கத்திய பிறகுதான் கால் மிதித்தது. நாற்பத்தொன்பது பேர் அன்றைக்கு, டிக்கெட் இல்லாத குழந்தைகளைச் சேர்க்காமல். லாரிக்கு இடம் விட்டேன் என்று வாய் தானாகச் சொன்னது.

இரண்டு இரவுக்குப் பத்தொன்பது நாள் என்றால் ஐந்து இரவுக்கு? நாற்பத்தேழரை. அப்படிக் கணக்கிட முடியாது என்று தெரியும், கூடவும் செய்யலாம், விடாமலே போகலாம், ஆனாலும் மனது கணக்கிடுகிறது... போகாமல் இருந்துவிடலாம். என்ன காரணம் சொல்வது, லீவு கிடைக்கவில்லை என்றா, லீவு எழுதிக் கொடுக்கும்போது சுமதியே கூட இருந்தாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அன்றைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும், சொன்னால் இந்த ஸ்டேரிங் போய்விடும், போனால் போகட்டும், பாப்பாயியை இனி எந்த முகத்தோடு பார்ப்பது... அதுகூட இல்லை. சுமதி செருப்பு வாங்கப் போகிறாள். சமதரையில் நடக்கிறதற்கு. மெல்ல, முப்பத்தெட்டு, பனிமூட்டத்துக்குள் இறங்கியாயிற்று, விளக்கைப் போடு, முப்பத்தேழு.

கீழே லாரிச் சத்தம். சிமெண்டு ஏற்றி வருகிறது போலிருக்கிறது, முதல் கியரில் முக்குகிறது. வேறெங்காவது எதிர்ப்பட்டிருக்கக் கூடாதா, இங்கேதான் நிற்க வேண்டும், முப்பத்தாறு. ஓரம் கட்டினார், மிதித்தார், ஹேண்ட் பிரேக்கை முழுசாக ஏற்றினார், அதற்கு மேல் ஏற்ற முடியாது என்று கைக்குத் தெரிந்தது. அடுத்தது குறி. அன்றிலிருந்து அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி அது, கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, வைப்பரின் நுனியையும் எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரத்தையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும், கோடு கலையாவிட்டால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம், காது என்ன சொன்னாலும் சரி. வைப்பர் இருக்கிறது. மரம் இல்லை. சுவர் இல்லை, மரம் இல்லை, கண்ணாடிக்கு வெளியே பால் மாதிரி வெள்ளை. அப்போது சீட்டுக்கு அடியில், மெதுவாக, மரியாதையாக, அது முன்னால் நகர்ந்தது. பிரேக்கின் காற்றழுத்தம் காட்டும் முள் சரியாக இருக்கிறது, கால் மிதித்தபடிதான் இருக்கிறது, கையும் பிரேக்கும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, எல்லாம் நிற்கிறது என்கின்றன, நகர்கிறது. கப்பலுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறதே, இது எங்கேயிருந்து... நம்பாதே. நம்பாமல் இருந்துதானே அன்றைக்கு. அப்படியானால் நம்பு. எதை?

"முரளி" என்றார், குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது, "வண்டி நகருதா?" முரளி சிரித்தான், "என்னண்ணா, என்னைக் கேக்கறீங்க, இன்னொருக்கா சுவத்தைத் தொட்டுக் காட்டப்..." கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லவில்லை. இறங்கி டயரைப் பார் என்றதும் படிக்கட்டிலிருந்து குதித்து வெள்ளைக்குள் மறைந்தான். லாரி வெகு பக்கத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல், ஊர்ந்து கடந்துகொண்டிருந்தது. சுமதி சீட்டிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்தபடி அவர் பக்கம் குனிந்தாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள், "இன்னும் ஆடுதுங்களா?"

இன்னும்... ஆடியதை அவர் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சுவரைப் பிடித்ததைச் சொன்னதில்லை, காதைப் பற்றிச் சொன்னதில்லை. அரை டம்ளர். சிந்தாமல் இருப்பதற்காக அரை டம்ளர், அவர் கை அவளுக்குச் சொல்லியிருக்கிறது. இன்றைக்குக் காலையிலும் அரை டம்ளர்தான் கொடுத்தாள், இரண்டு வருஷம் கழித்தும், அப்படியானால் பத்தொன்பதாம் நாள் போனது என்ன? நிஜமாகவே நின்றதா, அல்லது நம்பாதே நம்பாதே என்று பழகிப் பழகி, ஆடுவது தெரிவதை மட்டும் நிறுத்திக்கொண்டாரா, குணமானவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதற்கு வைப்பரையும் மரத்தையும் தேடுகிறான், இரண்டு வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை பேர்... "நிக்குதுங்கண்ணா, அசையவே இல்ல" என்று வெள்ளைக்குள் எங்கிருந்தோ முரளி கத்தினான். செல்லமுத்துவுக்கு அது தெளிவாகக் கேட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. ஸ்டேரிங்கின் மேலிருந்த அவர் கையின் மேல் சுமதி தன் கையை வைத்தாள், அந்தக் கையும் மெதுவாக ஏறியது, இறங்கியது.